அச்சைப் பின்னுக்குத் தள்ளிய கதை

மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் கருவியுடன் மினி டிராக்டரை வாடகைக்கு அனுப்புவதற்காக, பெரிய டிராக்டரின் பின்னால் இழுத்துச் செல்லும் இரு சக்கர டிரெய்லர் ஒன்றைச் செய்யச் சொல்லி நாமக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்திருந்தேன். சக்கர அச்சைத் தட்டின் நட்டநடுவில் வைத்து வரைந்திருந்தார்கள். பார்வைக்கு அழகாக இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன். வண்டியை ஏற்றிய முதல் நாளே ரோட்டவேட்டரின் பாரம் பின்னால் அழுத்த, டிரெய்லரைப் பெரிய டிராக்டருடன் இணைக்கும் கொக்கி மேலே எழும்பி, இழுக்கும் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்தன.

பிறகுதான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். எடை மேடையில் மினி டிராக்டரின் முன்சக்கரங்களை மட்டும் நிறுத்தியபோது 380 கிலோவும், ரோட்டவேட்டரைத் தூக்கிய நிலையில் பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தியபோது 640 கிலோவும் காட்டியது. சக்கர இடைவெளி 156 சென்டிமீட்டர் என்பதால், பாரத்தின் மையம் பின்சக்கரங்களுக்கு 58 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. ஏற்றும் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கட்டும் என்று முடிவு செய்து, கொக்கியிலிருந்து 320 சென்டிமீட்டரில், அந்த மையத்துக்கு 38 சென்டிமீட்டர் பின்னால் அச்சை மாற்றிப் பற்றவைத்தோம். கொக்கியில் இப்போது 120 கிலோ அளவுக்குச் சுமை நிற்கிறது. வண்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்பதற்காகத் தட்டில் ஒரு குறுக்குச் சட்டத்தையும் வைத்தேன்; அதற்குப் பட்டறைக்காரர் சிரித்தார்.

ஏற்றுபலகையை 120 சென்டிமீட்டரிலிருந்து 180 ஆக நீட்டியதில் ரோட்டவேட்டர் தரையில் உரசுவதும் நின்றது.