ஆங்கிலத்திலும் போர்ச்சுகீசிலும் அடித்துப் பேசுவது எப்படி?

தமிழில் காரணங்களை எல்லாம் அடுக்கிவிட்டுத்தான் முடிவுக்கு வருவோம், வினைமுற்றே கடைசியில்தானே நிற்கிறது. இதே பழக்கத்தோடு ஆங்கிலத்தில் வாதாடினால், எதிரில் இருப்பவர் பாதியிலேயே 'சரி, இப்போ என்னதான் சொல்ல வர்றீங்க?' என்கிற முகத்தோடு உட்கார்ந்திருப்பார். அதனால் முடிவை முதலில் போட்டு உடைத்துவிடுங்கள்: 'வீ ஷுட் வெயிட்'. அப்புறம் 'பிகாஸ்'. போர்ச்சுகீசிலும் இதே வரிசைதான், பின்னால் 'போர்கே' வரும்.

டெஃபினிட்லி, அப்சல்யூட்லி என்று அள்ளித் தெளித்தால் பேச்சில் உறுதி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கென்னவோ அது சரக்கு இல்லாததைத்தான் காட்டிக்கொடுப்பதாகப் படும். அழுத்தம் இருப்பது துணைவினையில். 'வீ மைட் வெயிட்' வெறும் யோசனை, 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'ஹேவ் டு' என்றால் வேறு வழியே இல்லை. போர்ச்சுகீசில் 'தெவெரியமுஸ் எஸ்பெரார்' மென்மையாகச் சொல்வது, 'தெவேமுஸ்' அதைவிட அழுத்தம், 'தேமுஸ் கி' வந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. (இதெல்லாம் பிரேசில் உச்சரிப்பு, போர்ச்சுகலில் உயிரொலிகளைப் பாதி விழுங்கிவிடுவார்கள்.)

போர்ச்சுகீசில் கால் இடறும் இடம் ஒன்று உண்டு. விலை அதிகம் என்று நினைக்கிறேன் என்பதற்கு 'ஆஷு கி எ காரு'. அப்படி நினைக்கவில்லை என்று மறுத்தாலோ 'நௌன் ஆஷு கி சேஜா காரு', அதாவது 'எ' போய் 'சேஜா' வந்துவிடும். நாம் மறுத்துப் பேசும் நேரத்தில்தான் இது அடிக்கடி தேவைப்படும் என்பதால் வாய்க்குப் பழகும்வரை சொல்லிப் பாருங்கள்.

எதிராளி சொல்வதில் நியாயம் இருந்தால் ஒத்துக்கொண்டே மடக்கலாம். 'எம்போரா சேஜா காரு, வாலி அ பேனா': விலை அதிகம்தான், ஆனாலும் தகும். இங்கேயும் அதே 'சேஜா'தான். ஆங்கிலத்தில் 'ஆல்தோ' என்று ஆரம்பித்துவிட்டு நடுவில் 'பட்' போடாதீர்கள், இரண்டில் ஒன்று போதும். சாதாரணப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் 'தட் மே பி ட்ரூ, பட்', போர்ச்சுகீசில் 'பொஜி செர், மாஸ்'.

தேர்வுக்கு எழுதுகிறவர்களுக்கு: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் இரண்டாம் கட்டுரைக்குச் சுமார் 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள், உடன்படுகிறீர்களா என்று கேட்டால் முதல் பத்தியிலேயே பக்கம் சாய்ந்துவிடுங்கள். ஏனெம் என்பது பிரேசிலில் பல்கலைக்கழகம் சேர எழுதும் தேசியத் தேர்வு, அதன் கட்டுரை 30 வரிக்குள் அடங்க வேண்டும். அதில் வாதம் மட்டும் போதாது, பிரச்சினைக்குத் தீர்வும் சொல்ல வேண்டும். 'அரசு ஏதாவது செய்யணும்' என்று மொட்டையாக முடிக்காமல் யார், என்ன, எப்படி, எதற்காக என்பதையும் எழுதுங்கள், அதற்குத் தனி மதிப்பெண் இருக்கிறது.