மினி பம்ப் வாங்கும் முன் டயரைக் குனிந்து பாருங்கள்

சைக்கிளுக்கு மினி பம்ப் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டி மேல் போட்டிருக்கும் பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) எண்ணைத்தான். 100-ஐவிட 120 மேல், 120-ஐவிட 160 மேல் என்று எடுத்துவிடுகிறார்கள். பம்பின் உடம்பு அவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கு மேல் அந்த எண்ணில் ஒன்றும் இல்லை. அந்த அழுத்தம் வரை உங்கள் கையால் அடிக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் பம்பின் விட்டத்தில் இருக்கிறது, அதை யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். பம்பின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90 பி.எஸ்.ஐ.யில் அந்தப் பிஸ்டனைத் தள்ள ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். சிரமம்தான், ஆனாலும் முடியும். உள்விட்டம் 30 மில்லிமீட்டர் ஆனால் அதே அழுத்தத்துக்கு 45 கிலோ வேண்டும். சாலையோரத்தில் குந்திக்கொண்டு, இரண்டு கையால், வியர்வையோடு 45 கிலோவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பாருங்கள்! 60 பி.எஸ்.ஐ. வருவதற்குள் போதும் என்று எழுந்துவிடுவீர்கள்.

அப்படியென்றால் ஒல்லியான பம்பே எல்லோருக்கும் நல்லதா? அதுவும் இல்லை. 700×25 அளவுள்ள ரோடு பைக் டயருக்குள் சுமார் ஒரு லிட்டர் இடம்தான் இருக்கிறது. 27.5×2.1 அளவுள்ள எம்.டி.பி. (மவுண்டன் பைக்) டயருக்குள் நாலு லிட்டருக்கும் மேல். ஒல்லிப் பம்ப் ஒரு அடிக்கு 45 மில்லிலிட்டர் காற்றுத் தள்ளும் என்றால், ரோடு டயரை 90 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவரக் கணக்குப்படி 140 அடி. எம்.டி.பி. டயரை வெறும் 30 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவரவே 200 அடி. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் காற்றுப் பம்புக்குள்ளேயே தங்கிவிடும், அதனால் நிஜத்தில் இன்னும் கூடும். அதே எம்.டி.பி. டயருக்கு 30 மில்லிமீட்டர் பம்ப் என்றால் தொண்ணூறு, நூறு அடியில் வேலை முடியும். அழுத்தம் குறைவு என்பதால் கைக்கும் 15 கிலோ விசைக்கு மேல் வராது.

ஆகவே கடைக்குப் போகும் முன் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 25, 28 என்று முடிந்தால் ஒல்லிப் பம்ப். 1.95, 2.1 என்றால் தடித்த பம்ப். இப்போது பலர் ஓட்டும் ஹைப்ரிட் வண்டியில் 35, 38 டயர் இருக்கும். அதற்கு 50 முதல் 70 பி.எஸ்.ஐ. வரை போதும். நடுத்தர விட்டமுள்ள எந்தப் பம்பும் சமாளித்துவிடும், ரொம்பக் குழம்ப வேண்டாம்.

அடுத்தது வால்வ். ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நம் ஊர் வண்டிகளில் மூன்று வகை வால்வ் புழங்குகிறது. மோட்டார் பைக், கார் டயரில் இருக்கும் அதே தடித்த வால்வ் ஷ்ரேடர். ஒல்லியாக, தலையில் சின்னத் திருகோடு இருப்பது பிரெஸ்டா. அப்பா ஓட்டிய கருப்பு ஹெர்குலிஸில் இருக்கும், உள்ளே வால்டியூப் ரப்பர் மாட்டிய வால்வ் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பொருந்தும் தலை பெரும்பாலான நல்ல பம்புகளில் உண்டு. சிலவற்றில் உள்ளே இருக்கும் ரப்பரைத் திருப்பிப் போட வேண்டும். அதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். வழியில் டியூப் கழற்றிப் போட்ட நிலையில் அந்தச் சின்ன ரப்பர் மண்ணில் விழுந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வால்டியூப் வால்வுக்குப் பொதுவாக பிரெஸ்டா தலை பிடிக்கும், ஆனால் கேஜ் காட்டும் எண்ணை நம்ப முடியாது. அந்த ரப்பரை விலக்கித் திறக்கவே தனி அழுத்தம் செலவாகிறது.

பிரெஸ்டா வால்வ் வைத்திருப்பவர்கள் ஒரு பித்தளை அடாப்டரும் பையில் போட்டுக்கொள்வது நல்லது. பஞ்சர் கடை கம்ப்ரசர் மோட்டார் வண்டிக்கானது, அதன் வாய் பிரெஸ்டாவைப் பிடிக்காது. அதிலும் கம்ப்ரசரை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் சைக்கிள் டியூப் வெடித்துவிடும், கவனம்.

மினி பம்ப் என்று தேடினால் வேறு இரண்டு சாமான்களும் கண்ணில் படும். ஒன்று, கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசிப் பம்ப். இன்னொன்று, 300 பி.எஸ்.ஐ. என்று பெருமையாகப் போட்டிருக்கும் ஷாக் பம்ப். இது காற்றில் இயங்கும் முன், பின் சஸ்பென்ஷனுக்கானது, ஒரு அடிக்குத் துளிக் காற்றுதான் தள்ளும். இதை வைத்து டயர் நிரப்ப உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

இனி, பம்பையும் வால்வையும் இணைக்கும் குழாய் இருக்கிறதா இல்லையா. எனக்கு இதில் பிடிவாதமான கருத்து உண்டு: குழாய் இல்லாத பம்ப் வேண்டாம். நேராக வால்வ் மேல் மாட்டும் பம்பைக் கவனியுங்கள். இடது கை பம்பின் தலையையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும், வலது கை அடிக்கும். முதல் ஐம்பது அடி ஒழுங்காகப் போகும். காற்று இறுக ஆரம்பித்ததும் இடது கை தளரும், ஒவ்வொரு அடிக்கும் தலை இப்படியும் அப்படியுமாக ஆடும். அந்த ஆட்டம் முழுவதும் வால்வ் தண்டின் மேல் இறங்கும். பிரெஸ்டா தண்டு ஒல்லி, முனையில் இருக்கும் ஊசி வளையும், சில நேரம் ஒடியும். தண்டு தப்பித்தாலும் டியூபோடு அது ஒட்டியிருக்கும் அடிப்பகுதி கிழியலாம். அங்கே கிழிந்தால் பேட்ச் ஒட்ட முடியாது, டியூப் குப்பைக்குத்தான். ஒரு சாண் குழாய் நடுவில் இருந்தால் இந்த ஆட்டம் வால்வுக்குப் போகாது. டொபீக் நிறுவனத்தின் மார்ஃப் வரிசைப் பம்புகளில் குழாயோடு மிதித்துக்கொள்ள ஒரு மடக்குக் காலும் இருக்கும். தரையில் ஊன்றி உடம்பு எடையைப் போட்டு அடிக்கலாம். நீளம், எடை கொஞ்சம் கூடுதல். தூரப் பயணம் போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

திருகி மாட்டும் குழாயில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அடித்து முடித்துக் குழாயைத் திருகிக் கழற்றும்போது பிரெஸ்டா வால்வின் உள்பகுதியும் கூடவே கழன்று வந்துவிடலாம். புஸ் என்று அத்தனை காற்றும் போய்விடும். புது டியூப் வாங்கியதும் அந்த உள்பகுதியைச் சின்னக் குறட்டால் ஒருமுறை இறுக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

உள்ளங்கைக்குள் அடங்கும் பம்ப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சட்டைப் பைக்குள் போகும் பம்பில் அடியும் குட்டியாக இருக்கும், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் நல்லது. தண்ணீர் பாட்டில் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம். ஆனால் மழைக்காலத்தில் அங்கே முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு முழுக்கப் பம்பின் மேல்தான் விழும். வாய்க்கு மூடி உள்ள பம்பாகப் பாருங்கள், இல்லையென்றால் பைக்குள் வையுங்கள். உள்ளே மணல் போனால் பிஸ்டனில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேயும், அடிக்கிற காற்று பின்பக்கமாகக் கசியும். அதற்கு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டாம், ரப்பர் கெட்டுவிடலாம். துடைத்துவிட்டுத் துளி சிலிக்கான் கிரீஸ் போதும்.

பம்போடு வரும் குட்டி கேஜுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். குறைந்த அழுத்தத்தில் அதன் முள் எங்கே நிற்கிறது என்று படிப்பதே கஷ்டம். வழியில் வீடு வந்து சேரும் அளவுக்குக் காற்று இருந்தால் போதும், சரியான அளவை வீட்டில் தரையில் ஊன்றி அடிக்கும் பெரிய ஃப்ளோர் பம்பில் பார்த்துக்கொள்ளலாம். மினி பம்பை வைத்தே தினமும் காற்றடித்து ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரே மாதத்தில் அலுத்துப்போய்க் காற்றில்லாமலே ஓட்டுவார்கள்.

சி.ஓ.2 (கரியமில வாயு) அடைத்த குட்டிச் சிலிண்டரும் பேட்டரிப் பம்பும் இருக்கும்போது கையால் எதற்கு என்று கேட்கலாம். 16 கிராம் சிலிண்டர் ஒரு ரோடு டயரை நொடிகளில் நிரப்பும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிலிண்டர் ஒரு முறைதான். அந்த வாயு டியூப் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசிவதால் மறுநாள் திரும்ப அடிக்க வேண்டும். பேட்டரிப் பம்ப் சார்ஜை நம்பி இருக்கிறது, ஓடும்போது நன்றாகச் சூடும் ஆகும். டி.பி.யூ. என்ற மெல்லிய பிளாஸ்டிக் வகை டியூபின் பிளாஸ்டிக் வால்வில் நேராக மாட்டினால் அந்தச் சூட்டில் வால்வ் இளகிவிடும், குழாய் போட்டே அடிக்க வேண்டும். 200 கிலோமீட்டர் பிரவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய தூர சைக்கிள் பயணம்) போகிறவர்களுக்கு 13 மணி 30 நிமிடம் கெடு, பஞ்சர் ஆனால் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே சிலிண்டர் வைத்திருப்பவர்களும் கைப்பம்பை விட்டுவிட்டு வரக் கூடாது என்பேன்.

டியூப்லெஸ் டயர் போட்டிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ரிம்மிலிருந்து விலகிய டயரை மினி பம்பால் திரும்ப உட்கார வைப்பது பெரும்பாலும் நடக்காது, அதற்கு ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். உள்ளே போட ஒரு டியூப் கையில் இருக்கட்டும்.

வாங்கியதும் முன்சக்கரக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, நீங்கள் ஓட்டும் அழுத்தம் வரை ஒருமுறை அடித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் வழி உண்டு. ஞாயிறு விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஞ்சர் கடையும் திறந்திருக்காத நேரத்தில் சோதித்துப் பயனில்லை. ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் ஓட்டுபவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்து உள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டியூபை மாற்றியதும் அவசரமாகப் பம்பை எடுக்காமல், டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள். முள் சிக்கினால் பிடுங்கிவிட்டு அடிக்க ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் அரை கிலோமீட்டர் தள்ளி மறுபடியும் அதே 140 அடி.