நரம்பு தைத்த கைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை

காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வரும் மணிக்கட்டு வெட்டுகளில் கண்ணாடி வெட்டு உண்டு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தட்டின் மேல்தான் கலர் சிமெண்ட் ஊற்றி எடுக்கிறார்கள். தட்டு உடைந்தால் நேரே கையில் இறங்கும். நரம்புக்குத் தையல் போட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கரண்ட் வச்சா சீக்கிரம் வந்துருமா சார்?" இப்போது வீடியோ பார்த்துவிட்டு, "மூளைக்கே கரண்ட் வைக்கிறாங்களாமே" என்றும் கேட்கிறார்கள்.

கரண்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அறுவை முடிந்ததும் நரம்பிலேயே மெல்லிய கம்பி வைத்து, நொடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரு மணி நேரம் கொடுத்தால் நரம்பிழைகள் வளரக் கிளம்புவது விரைவாகிறது. எலிகளில் 2000-இலும், கனடாவில் மணிக்கட்டு நரம்பு நெரிசலுக்கு அறுவை செய்தவர்களிடம் 2010-இலும் காட்டியிருக்கிறார்கள். அது சர்ஜன் கையில் நடக்கிற வேலை. மண்டையில் ஈரப் பஞ்சு வைத்து 1, 2 மில்லி ஆம்பியர் கொடுப்பது வேறு சங்கதி. மனிதர்களுக்கு அறுந்த நரம்பை அது ஆற்றும் என்று நிரூபணம் இல்லை. ஆன்லைனில் மெஷின் வாங்கித் தலையில் மாட்ட வேண்டாம். வலிப்பு உள்ளவர்களும் தலைக்குள் உலோகம் வைத்தவர்களும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 17, 18 சென்டிமீட்டர் என்றால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: ஆறு மாதம், அதற்கு மேலும். வளர்கிறதா என்று பார்க்க, விரல்நுனியிலிருந்து தழும்பை நோக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சுர்ரென்று விரலுக்குள் ஓடும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, தழும்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒரு முறை போதும். ஆரம்பத்தில் சில வாரம் கோடு நகராது.

இந்த ஆறு மாதத்தில் மூளை சும்மா இருக்காது. தகவல் வராத விரலுக்கான இடத்தைப் பக்கத்து விரல்கள் பிடித்துக்கொள்ளும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் திண்ணையைத் தெருக்காரர்கள் பிடிப்பது போல. அதனால்தான் உணர்வு வருமுன்பே கண்ணாடிப் பயிற்சி. நம் தமிழ்நாட்டில் பிறந்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இழந்த கையின் வலிக்குப் பயன்படுத்திய முறை. மேஜையில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, நல்ல கையை முன்னால், அடிபட்ட கையைப் பின்னால் மறைத்து வையுங்கள். நல்ல கையை மூடித் திறந்து, கண்ணாடியில் தெரிவதையே பத்து நிமிடம் பாருங்கள். தசைநாரும் தைத்திருந்தால் மறைந்த கையை அசைக்கலாமா என்று சர்ஜனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுர்ரென்ற உணர்வு உள்ளங்கைக்கு வந்ததும் தடவிப் பழகும் வேலை. கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னும் ஆச்சி ஒருவர், நான் கொடுத்த பயிற்சிச் சாமான்களைப் பார்த்து, "இந்தப் பொம்மையெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, பழைய கொட்டானின் ஓலை விளிம்பில்தான் பழகினார். அப்புறம் நானும் அதையே மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வழவழப்புக்கு ஆத்தங்குடிக் கல், சொரசொரப்புக்குக் கொட்டான், நடுவில் கண்டாங்கிச் சேலை முந்தி. கண் திறந்து தடவி, மூடித் தடவி, எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி. அலுப்பான வேலைதான், ஆனால் மெஷினை விட இதில்தான் எனக்கு நம்பிக்கை.

மரத்த கை சுடுவதை அறியாது. அடுப்படியில் டபராவை நல்ல கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். படுக்குமுன் விரல்நுனிகளில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். விறைக்காமலிருக்க விரல் மூட்டுகளை மற்றக் கையால் மடக்கி நீட்டுங்கள்.

மூன்று மாதமாகக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள், சர்ஜனிடம் போங்கள். ஒன்று, ஒன்றரை வருஷம் நரம்பு வந்து சேராத தசை அப்புறம் அதை ஏற்காது. போகும்போது தேதி எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். நரம்பு டெஸ்ட் எப்போது எடுப்பது என்று அதைப் பார்த்தே அவர் முடிவு செய்யலாம்.