லொக்கேஷனை அணைத்துவிட்டேன் என்பவர்கள் கவனிக்கத் தவறும் தவறுகள்

கைபேசி வழியாகத் தங்களைப் பின்தொடரும் கண்காணிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று புதிதாக முடிவெடுப்பவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். "எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர்கள் கைபேசியை நீட்டுவார்கள். செட்டிங்ஸுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் படுபவை பெரும்பாலும் நான் செய்து, பட்டுத் தெளிந்த அதே பிழைகள்தான். திரைப்பூட்டு வைக்காமல் இருப்பது, முன்பின் தெரியாத இணைப்பைத் தட்டுவது ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அக்கறையோடு இருப்பவர்களே செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மேலிருந்து இழுத்து அணைத்தால் போதும் என்று நம்புவது

திரையின் உச்சியிலிருந்து விரலால் இழுத்தால் வரும் பட்டியலில் 'லொக்கேஷன்' என்றொரு பொத்தான் இருக்கும். அதை அணைத்தே வைத்திருந்து, வரைபடமோ வாடகைக் காரோ தேவைப்படும்போது மட்டும் இயக்கி, வேலை முடிந்ததும் மறுபடி அணைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். மற்ற தவறுகளைப் பொறுமையாகத் திருத்திவிடும் எனக்கு, இதைப் பார்க்கும்போது மட்டும் இன்றும் எரிச்சல் வருகிறது. இதைச் செய்பவர் தினமும் சிரத்தையோடு ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். அந்த வேலையோ அவருக்குத் தேவையான நேரத்தில் அவரைக் காப்பதில்லை.

தினமும் போய்வரும் அலுவலகத்துக்கு யாரும் வரைபடம் பார்த்துப் போவதில்லை. அந்தப் பொத்தானை நாம் இயக்குவது வழி தெரியாத இடத்துக்குப் போகும்போதுதான்: புதிய மருத்துவமனை, வழக்கறிஞரின் அலுவலகம், வேறு வேலைக்கான நேர்காணல். எந்தப் பயணங்கள் அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறோமோ, அவற்றுக்காகத்தான் நாமே பொத்தானை இயக்கிவிடுகிறோம். இயங்கும் அந்த நேரத்தில், அனுமதி பெற்ற செயலிகள் அனைத்தும் இருப்பிடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும்.

ஓர் ஆண்டு நான் தொடர்ந்து ஒரு சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முடிவு தெரியும்வரை வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். வியாழக்கிழமைதோறும் அலுவலக வாசலில் பொத்தானை இயக்கி, கார் வரவழைத்துப் போவேன். இறங்கியதும் அணைத்துவிடுவதாக நினைப்பு; மருத்துவரைப் பார்க்கப் போகும் பதற்றத்தில், பல நாட்கள் திரும்பி வரும்வரை அது இயங்கிக்கொண்டேதான் இருந்தது. வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் டேப்லெட்டிலும் என் கணக்குதான் இருந்தது. ஒருநாள் அக்கா ஏதோ முகவரி தேடுவதற்காக அதில் வரைபடத்தைத் திறந்தபோது, அந்த மருத்துவமனையின் பெயருக்குக் கீழே, சாம்பல் நிறச் சிற்றெழுத்தில், நீங்கள் கடந்த வியாழக்கிழமை இங்கே வந்தீர்கள் என்று இருந்திருக்கிறது. "தம்பி, யாருக்கு உடம்புக்கு என்ன?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் தயாராக இல்லை. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று நான் மனதுக்குள் வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று. அந்தச் சேவை எதையும் ஒளித்துச் செய்யவில்லை. கணக்கைத் தொடங்கிய அன்று, படிக்காமல் 'சரி' என்று தட்டியவன் நான்தான்.

இருப்பிடத்துக்கு மூன்று தனித்தனி வாசல்கள் உண்டு என்பது அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. கைபேசியின் பொத்தான் ஒன்று, ஒவ்வொரு செயலிக்கும் நாம் கொடுத்திருக்கும் அனுமதி இன்னொன்று, நம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் பதிவு மூன்றாவது. முதலாவதை மூடினால் புதிதாகச் சேர்வது நிற்கலாம். ஏற்கனவே சேர்ந்தது அப்படியே இருக்கும். கணக்கின் பதிவும் ஒரே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கூகுள் கணக்கில் 'லொக்கேஷன் ஹிஸ்டரி'யை (இப்போது அதன் பெயர் 'டைம்லைன்') நிறுத்திய பிறகும், 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற வேறொரு செட்டிங்கின் கீழ் இருப்பிடம் சேமிக்கப்பட்டதை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. அதைத் தொடர்ந்து நடந்த விசாரணையில், 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது. எனவே இரண்டையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது, பழையதை அழிக்கவும் வேண்டும்.

இரண்டாவது வாசலுக்கு ஐந்து நிமிடம் போதும். செட்டிங்ஸில் இருப்பிட அனுமதிகளின் பட்டியலைத் திறந்து, 'எப்போதும்' என்ற தலைப்பின் கீழ் எந்தெந்தச் செயலிகள் இருக்கின்றன என்று பாருங்கள். நான் பார்க்கும் கைபேசிகளில் அங்கே அடிக்கடி உட்கார்ந்திருப்பது வானிலைச் செயலிதான். மழை வருமா என்று சொல்வதற்கு அதற்கு ஊர் தெரிந்தால் போதும், தெருவும் வீடும் தேவையில்லை. ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், ஆண்ட்ராய்டில் 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதலும் துல்லியமான இருப்பிடத்தை மறுத்துவிட்டுத் தோராயமானதை மட்டும் கொடுக்கும் வசதி இருக்கிறது. இதைத் தெரிந்தவர்கள்கூடப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

"பெயர் இல்லாமல்தானே சேகரிக்கிறார்கள்" என்ற சமாதானம் உடனே வரும். 15 லட்சம் பேரின் கைபேசி நடமாட்டத்தை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, இடமும் நேரமும் கொண்ட நான்கே புள்ளிகள் இருந்தால் அவர்களில் 95 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. இரவில் எங்கே தங்குகிறது, பகலில் எங்கே இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், அந்தக் கைபேசி யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயரே தேவைப்படாது. செயலிகளுக்குள் வைக்கப்படும் சிறு நிரல்கள் வழியாக இருப்பிடத்தைத் திரட்டி விற்கும் தரவுத் தரகர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட எக்ஸ்-மோட் என்ற நிறுவனம் மருத்துவமனை, வழிபாட்டுத்தலம் போன்ற அந்தரங்கம் சார்ந்த இடங்களின் தரவை விற்பதற்கு 2024 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தடை கொண்டுவந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் வியாழக்கிழமைகள்தான் நினைவுக்கு வந்தன.

விளம்பர அடையாள எண்ணை மாற்றிவிட்டு, நீக்கியதாக நினைப்பது

ஒவ்வொரு கைபேசிக்கும் விளம்பரத்துக்கென்று ஒரு நீண்ட எண் இருக்கிறது. வெவ்வேறு செயலிகளில் நாம் செய்வதையெல்லாம் ஒரே ஆள் செய்தது என்று கோத்துப் பார்க்க அது உதவுகிறது. ஆண்ட்ராய்டில் அந்த எண்ணை மாற்றுவது ஒன்று, நீக்குவது வேறு. மாற்றினால் புதிய எண் வந்து, கோப்பது முதலிலிருந்து தொடங்கும். நீக்கினால்தான், கேட்கும் செயலிக்கு வெறும் சுழியங்கள் கிடைக்கும். ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பின்தொடர அனுமதிக்கலாமா என்று செயலிகள் நம்மைக் கேட்டாக வேண்டும். கேட்பதையே தடுக்கும் பொத்தானும் செட்டிங்ஸில் உண்டு. இவ்வளவும் செய்த பிறகு, எல்லாச் செயலியிலும் ஒரே மின்னஞ்சலையும் ஒரே கைபேசி எண்ணையும் கொடுத்து உள்நுழைந்தால், அந்த மின்னஞ்சலே அடையாள எண்ணின் வேலையைச் செய்துவிடும். கடைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் நான் தனி மின்னஞ்சல் வைத்திருப்பது இதனால்தான்.

இன்காக்னிட்டோவை முழு மறைப்பென்று எண்ணுவது

பிரவுசரில் இருக்கும் இந்தத் தனிப்பட்ட உலாவல் முறை, நீங்கள் பார்த்த தளங்களின் வரலாற்றை உங்கள் கைபேசியில் சேமிக்காது. தளங்களும், இணைய இணைப்பைத் தரும் நிறுவனமும் உங்களைப் பார்ப்பதைத் தடுக்காது.

இலவச விபிஎன்

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை. அதாவது, அது முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுக்கிறீர்கள். அதன் செலவை யார் தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்புக் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த ஒனாவோ என்ற விபிஎன், பயனர்கள் என்னென்ன செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலைத் திரட்டியது. 2018-இல் அது ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து விலக்கப்பட்டது.

படத்தை எடுத்தபடியே அனுப்புவது

கேமராவுக்கு இருப்பிட அனுமதி இருந்தால், படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் (அந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டும் எண்கள்) எழுதப்பட்டிருக்கும். கேமராவின் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தவரின் எண்ணை நாமே எடுத்துக் கொடுப்பது

"நண்பர்களைக் கண்டறிய" என்று ஒரு செயலி கேட்டதும் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிடுகிறோம். தன்னைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள் இந்த இடத்தில் யோசிப்பதே இல்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை நம் தகவல்கள் அல்ல. 'வக்கீல்', 'டாக்டர்', 'பழைய மேனேஜர்' என்று நாம் இட்டு வைத்திருக்கும் பெயர்களோடு, அந்தச் செயலியை ஒருநாளும் தொடாதவர்களின் எண்களும் போய்ச் சேரலாம். 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இல், குறிப்பிட்ட சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டலாம். அந்த வசதி இல்லாத கைபேசியில், வேண்டியவரின் எண்ணைக் கையால் தட்டிச் சேர்ப்பதே நல்லது. அனுமதியை இப்போது திரும்பப் பெற்றாலும், முன்பே பதிவேறிய பட்டியல் அந்தச் செயலி நிறுவனத்தின் சர்வரில் இருக்கக்கூடும். பல செயலிகளின் அமைப்புகளுக்குள், பதிவேற்றிய தொடர்புகளை நீக்கு என்றொரு வரி தனியாக இருக்கும். முதலில் அதைத் தட்டிவிட்டு, அதன்பின் அனுமதியை எடுங்கள். சில செயலிகளில் அனுமதி போனபின் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிடுகிறது.