ஓட்டுநர் அறையை வைத்து வண்டியைச் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

தூரத்தில் ஹெட்லைட் தெரிந்ததுமே என்ன இன்ஜின் என்று சொல்லிவிடுகிறவர்கள்கூட, ஒரு இருக்கை, நாலு கேஜ், இரண்டு கைப்பிடி, முன்னால் ஒரு கண்ணாடி, இவ்வளவுதான் படம் என்று நீட்டினால் தடுமாறிப் போவார்கள். நானும் அந்த ரகம்தான். ஒருமுறை அப்படி ஒரு படத்தைக் காட்டியபோது ஒரு நொடிகூட யோசிக்காமல் "பிரிட்டனின் கிளாஸ் 91, இதில் என்ன சந்தேகம்" என்றேன். கடைசியில் பார்த்தால் அது இன்ஜினே கிடையாது. இன்டர்சிட்டி 225 வண்டியின் ஒரு முனையில் கிளாஸ் 91 மின்சார இன்ஜின் இருக்கும், மறுமுனையில் அதே முகச்சாயலில் செய்த மார்க் 4 டிவிடி (டிரைவிங் வேன் டிரெய்லர்) என்கிற பெட்டி இருக்கும். அதற்குள் மோட்டார் எதுவும் இல்லை, ஓட்டுநர் அறையும் சாமான் வைக்க இடமும்தான். அங்கே உட்கார்ந்து மறுமுனையில் இருக்கும் இன்ஜினை இயக்குவார்கள். நான் பார்த்தது அந்தப் பெட்டியின் அறை.

ஆக, ஓட்டுநர் அறை என்றாலே அதற்குப் பின்னால் ஒரு இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஏராளம். அவற்றின் மேசை இன்ஜினின் மேசையோடு ஒத்துப்போகும்படிதான் செய்வார்கள், இல்லையென்றால் ஓட்டுநர் ஒவ்வொரு முனையிலும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். படத்தைப் பார்த்ததும் பெயரைத் தேடாமல், இது இன்ஜினா, கட்டுப்பாட்டுப் பெட்டியா, இல்லை ஈஎம்யூ, டீஎம்யூ மாதிரி தானே ஓடும் வண்டியின் முனையா என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி அவமானம் தவிரும்.

அடுத்தது மேசையின் ஜாடையை நம்புவது. ஜெர்மனியில் 1970களின் நடுவில் 111 வகை மின்சார இன்ஜின் வந்தபோது அதோடு ஒரு பொது ஓட்டுநர் மேசையும் வந்தது. வளைந்த மேசை, கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாம். அந்த மேசை 111-ஓடு நிற்கவில்லை, 120 வகைக்குப் போனது, கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் போனது. அந்த மேசையைப் பார்த்ததும் "ஆ, 111" என்பது, சீருடையைப் பார்த்துவிட்டு ஆளின் பெயரைச் சொல்வது மாதிரி. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஓட்டுநருக்கு இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் கட்டுப்பாட்டு ஸ்டாண்டு, அதில் எட்டு நாட்ச் (படி) கொண்ட த்ராட்டில் கைப்பிடி, இதை வைத்து இஎம்டி கம்பெனி தயாரிப்பு என்று சொல்லிவிட முடியாது, போட்டிக் கம்பெனியான ஜிஇயின் பெரும்பாலான இன்ஜின்களிலும் எட்டு நாட்ச்தான். வேறு வேறு கம்பெனி இன்ஜின்களைக் கோத்து ஒரே ஓட்டுநர் ஓட்ட வேண்டிய இடத்தில் நாட்ச் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதுதானே வசதி?

மேசையை வைத்து வயதைக் கணிக்கிறவர்களும் இங்கேதான் விழுவார்கள். 1990களில் அமெரிக்க இன்ஜின்களில் ஸ்டாண்டை எடுத்துவிட்டு அலுவலக மேசை மாதிரி ஒன்றை வைத்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் ஷண்டிங் செய்யும்போது திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டுவது சிரமம் என்று ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு வந்த பல இன்ஜின்களில் ஸ்டாண்டே திரும்பி வந்தது. அதனால் அங்கே மேசை என்றால் புதுசு, ஸ்டாண்டு என்றால் பழசு என்ற கணக்கு செல்லாது.

சரி, ஸ்டீயரிங் விஷயத்துக்கு வருவோம். கார் ஸ்டீயரிங் மாதிரி ஒரு சக்கரம் படத்தில் தெரிந்ததும் புதியவர்கள் முதலில் கேட்பது, "ரயிலுக்கு எதுக்கு ஸ்டீயரிங்?" திருப்புவதற்கு இல்லை, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைப்பதற்கு. இதைத் தெரிந்துகொண்ட கொஞ்ச நாளில் அடுத்த தவறு ஆரம்பமாகும். சக்கரம் இருந்தால் ஜெர்மனி என்று ஒருவர் சொல்வார், பிரான்ஸ் என்று இன்னொருவர். ஜெர்மனியின் இ10, 103 இரண்டிலும் சக்கரம் உண்டு, பிரான்ஸின் பிபி 7200-லும் உண்டு, டிஜிவி அதிவேக வண்டியிலும் உண்டு, செக் நாட்டு ஸ்கோடா செய்து சோவியத் ரயில்வேக்கு அனுப்பிய இன்ஜின்களிலும் உண்டு. சக்கரத்தைப் பார்த்து நாட்டைச் சொல்வதைவிட, பக்கத்தில் இருக்கும் படிகாட்டியைப் பார்ப்பது மேல். இ10-இல் 28 படிகள், 103-இல் 39. அந்த எண் தெளிவாகத் தெரிந்துவிட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், முள் ஓடும் கேஜ்கள். பலரும் கைப்பிடி, நிறம், இருக்கை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு கேஜில் இருக்கும் பொடி எழுத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பிரான்ஸின் 'உடைந்த மூக்கு' இன்ஜின்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிபி 7200, பிபி 15000, பிபி 22200 மூன்றும் அண்ணன் தம்பிகள், வெளியே பார்த்தாலே குழப்பம். ஆனால் 7200 ஓடுவது 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில், 15000 ஓடுவது 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில், 22200 இரண்டிலும் ஓடும். மேசையில் கம்பி மின்னழுத்தம் காட்டும் மீட்டரின் அளவுகோல் படிக்கக் கிடைத்தால் கதை முடிந்தது.

பிரேக் கேஜில் இருக்கும் அலகும் பேசும். பிஎஸ்ஐ என்றால் ஒரு திசை, பார் என்றால் இன்னொரு திசை, அங்குலக் கணக்கில் வெற்றிட கேஜ் இருந்தால் காலத்தையே பின்னுக்குத் தள்ளலாம். நீராவி இன்ஜினில் இன்னும் சுவாரசியம். பாய்லர் அழுத்த கேஜில் அனுமதிக்கப்பட்ட உச்சத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். பிரிட்டனில் க்ரெஸ்லி வடிவமைத்த ஏ1 வகைக்கு 180 பிஎஸ்ஐ, அதையே மேம்படுத்திய ஏ3-க்கு 220. ஒரே குடும்பம், ஒரே மாதிரி குழாய்க்காடு, ஆனால் அந்தக் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்பது பிரித்துக்காட்டிவிடும். அதற்காக 250-ஐப் பார்த்ததும் க்ரெஸ்லியின் ஏ4 என்று குதிக்கவும் கூடாது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கிங் வகைக்கும் 250தான், எல்எம்எஸ் ரயில்வேயின் டச்சஸுக்கும் 250தான். எண் பெரும்பாலும் எது இல்லை என்று சொல்லும். எது என்று சொல்வதற்கு வேறு சாட்சி வேண்டும்.

வேகமானியில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். அளவுகோல் 180 வரை இருக்கிறது, அதனால் இது 180 கிலோமீட்டர் வேக வண்டி என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவுகோல் எப்போதும் உச்ச வேகத்தைத் தாண்டியே போகும், ஒரே வேகமானியைப் பல வகைகளில் பொருத்தியும் இருப்பார்கள். இந்தியாவின் டபிள்யூஏஜி-9 சரக்கு இன்ஜின். அதன் பல்சக்கர விகிதத்தை மாற்றிப் பயணிகள் வண்டிக்காகச் செய்ததுதான் டபிள்யூஏபி-7. முன்னது 100 கிலோமீட்டர் வேகத்துக்கு, பின்னது 140-க்கு. வித்தியாசம் பெரும்பாலும் கீழே சக்கரத்தண்டில் இருக்கிறது, ஓட்டுநர் அறை ஏறக்குறைய ஒன்றேதான். இந்த மாதிரி இடத்தில் "9 அல்லது 7, இதற்கு மேல் படம் சொல்லவில்லை" என்று நிறுத்திக்கொள்வதுதான் சரியான விடை. அதைச் சொல்ல ஏனோ எல்லோருக்கும் கூச்சம்.

பாதுகாப்புக் கருவிகளின் விளக்குகள் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான், அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 85, 70, 55 என்று எழுதிய நீல விளக்குகள் இருந்தால் அது பிஇசட்பி என்ற ரயில் பாதுகாப்பு அமைப்பு. ஜெர்மனி என்று எழுதத் துடிக்கும் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஆஸ்திரியாவிலும் அதே விளக்குகள்தான். எல்லை தாண்டி ஓடும் வெக்ட்ரான், டிராக்ஸ் மாதிரி இன்ஜின்களில் நாலைந்து நாடுகளின் அமைப்புகள் ஒரே மேசையில் குடித்தனம் நடத்தும். அப்புறம், இல்லாததை வைத்து முடிவு செய்வது இதைவிட மோசம். பிரிட்டனில் ஏடபிள்யூஎஸ் என்ற சிக்னல் எச்சரிக்கைக் கருவிக்கு 'சூரியகாந்தி' என்று செல்லப்பெயர், வட்டத்தில் மஞ்சளும் கறுப்பும் இதழ் இதழாக இருக்கும். ஆனால் எச்சரிக்கையை ஓட்டுநர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்த மஞ்சள் தெரியும், பாதை திறந்திருந்தால் வட்டம் முழுக்கக் கறுப்பு. மஞ்சள் காணோம், அதனால் பிரிட்டன் இல்லை என்று ஒருவர் அரை மணி நேரம் வாதாடினார். படம் பச்சை சிக்னல் தாண்டி எடுத்தது.

கைப்பிடியின் திசையும் இதே மாதிரி ஏமாற்றும். ஜப்பானில் பரவலாக இருக்கும் ஒற்றைக் கைப்பிடியை (டோக்யூ 8000 வகையில் 1969-இல் வந்தது) தன் பக்கம் இழுத்தால் வேகம், முன்னால் தள்ளினால் பிரேக். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் படத்தில் கைப்பிடி முழுக்க முன்னால் தள்ளியிருப்பதைப் பார்த்து "முழு வேகத்தில் போகிறது" என்று எழுதினால் சிரிப்பார்கள். அங்கே கைப்பிடியைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு, மேசையிலேயே பாக்கெட் கடிகாரம் வைக்க ஒரு குழி.

இருக்கை எந்தப் பக்கம் என்பதை வைத்தும் நிறையப் பேர் சூதாடுகிறார்கள். நடுவில் உட்கார்ந்தால் அதிவேக ரயில் என்பார்கள். டிஜிவிக்குச் சரி. ஆனால் பிரிட்டனின் கிளாஸ் 67 டீசல் இன்ஜினிலும் இருக்கை நடுவில்தான், 1972-இல் வந்த எச்எஸ்டி என்ற டீசல் அதிவேக ரயிலின் முன்மாதிரியிலும் அப்படித்தான், பிறகு வரிசையாகத் தயாரித்த எச்எஸ்டியில் அது மாறிவிட்டது. ரயில் எந்தத் தடத்தில் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டுநர் என்பதும் விதி கிடையாது. இடப்பக்கம் ஓடும் பிரிட்டனில் கிரேட் வெஸ்டர்ன் நீராவி இன்ஜின்களின் ஓட்டுநர் வலப்பக்கம் நின்றார். இந்தியாவின் டபிள்யூடிஎம்-2 வில்லங்கம் வேறு. ஒரே அறையில் இரு திசைக்கும் தனித்தனி ஸ்டாண்டு, நீளமான மூக்குப் பக்கம் ஒன்று, குட்டை மூக்குப் பக்கம் ஒன்று. படத்தில் ஒன்று மட்டும் தெரிந்தால் பக்கக் கணக்கே தலைகீழாகிவிடும். போதாக்குறைக்குச் சில படங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள், கேஜ் எண்கள் இடம்வலம் மாறியிருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிறகு பக்கத்தைப் பற்றிப் பேசுங்கள்.

முன்கண்ணாடி வழியே தண்டவாளம் தெரிகிற படமெல்லாம் ஓட்டுநர் அறைப் படமும் இல்லை. இத்தாலியின் செட்டபெல்லோ, ஜப்பானில் 1963-இல் வந்த ஒடாக்யூ ரொமான்ஸ்கார், இரண்டிலும் முன்னால் உட்கார்ந்தது பயணிகள், ஓட்டுநர் மேலே மாடியில் இருந்தார்.

கடைசியாக, மறு அவதாரங்கள். பிரிட்டனின் கிளாஸ் 57 என்பது பழைய கிளாஸ் 47-இன் உடலில் இஎம்டி இன்ஜின் போட்டது, அறையைப் பார்த்தால் 47-இன் சாயல்தான். 1960களின் கிளாஸ் 37-இல் நாலு இன்ஜின்களுக்குக் வேல்ஸின் கேம்ப்ரியன் தடத்துக்காக ஈடிசிஎஸ் (ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு) திரை வைத்து 97/3 என்று பெயர் மாற்றினார்கள். பழைய மேசையில் பளபளக்கும் திரை இருந்தால் இரண்டு காலத்தையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல ரயில்வேக்களில் வண்டி எண்ணை அறைக்குள்ளேயும் எழுதி வைப்பார்கள், சின்னத் தகடாகவோ ஸ்டிக்கராகவோ. நாட்ச் எத்தனை, விளக்கு என்ன நிறம் என்று நாங்கள் நாலு பேர் சண்டை போட்டு முடித்த ஒரு படத்தில், கண்ணாடிக்கு மேலே, வைப்பர் மோட்டார் பக்கத்தில், ஐந்து இலக்க எண் அப்பட்டமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.