மலிவான பலகையில் 6502 நுண்செயலியை மீளுருவாக்குதல்

1975 ஆம் ஆண்டில் மொஸ் டெக்னோலஜி நிறுவனம் 25 டொலருக்கு விற்ற 6502 நுண்செயலியின் நடத்தையை மென்பொருளால் மீளுருவாக்க, இன்று றாஸ்பெரி பை பிக்கோ என்னும் ஒரு சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகையும் யூ.எஸ்.பி. வடமும் கணினியும் போதும். யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் பலகை கிடைக்காவிடின் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் விசாரிக்கலாம்.

பிக்கோவில் 264 கிலோபைட் நினைவகம் இருப்பதால், 6502 அணுகக்கூடிய 65,536 பைட்டுகளையும் சி மொழியில் ஓர் அணியாகவே ஒதுக்கிவிடலாம். 6502 இன் பதிவகங்களான (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) ஏ, எக்ஸ், வை, அடுக்குச் சுட்டி, நிலைப் பதிவகம் ஆகியவற்றை 8 பிட் மாறிகளாகவும், அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் நிரல் எண்ணியை 16 பிட் மாறியாகவும் அறிவியுங்கள். பின்னர் நிரல் எண்ணி காட்டும் பைட்டை எடுத்து, அதற்குரிய கட்டளையை நிறைவேற்றி, அடுத்ததற்கு நகரும் சுழற்சியை எழுதுங்கள்.

ஆவணப்படுத்தப்பட்ட 151 கட்டளைக் குறிகளையும் ஒரே மூச்சில் எழுத முனைவது வீண். முதலில் கீழ்வரும் சிறு நிரலுக்கு வேண்டிய ஐந்தை மட்டும் எழுதி, 512 ஆவது முகவரியிலிருந்து 24, 169, 5, 105, 3, 141, 0, 3, 76, 8, 2 என்னும் பைட்டுகளை இடுங்கள். மீளமைப்பின்போது 6502 தன் தொடக்க முகவரியை 65532, 65533 ஆகிய இடங்களிலிருந்தே வாசிக்கும். தாழ்ந்த பைட் முந்துவதால் அங்கு முறையே 0, 2 என இடவேண்டும். நிரல் ஐந்தையும் மூன்றையும் கூட்டி, 768 ஆவது முகவரியில் 8 ஐ எழுதிவிட்டு, அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும்.

மிகுந்த கவனம் கழித்தல் கட்டளைக்கே தேவை: கடன் வாங்காதபோதுதான் அங்கு மிகைக் கொடி (carry flag) 1 ஆகும். உண்மையான 5 வோல்ற்று சில்லுகளைப் பின்னர் இணைப்பதாயின், பிக்கோவின் முனைகள் 3.3 வோல்ற்றுக்குரியவை என்பதால் இடையே மின்னழுத்த மாற்றி வைப்பது கட்டாயம்.