பல்லுக்கு அடியில் சீழ் கட்டினால்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எனக்குக் கமிஷன் கடை. வைகாசி முகூர்த்த சமயத்தில் கீழ்க் கடைவாய்ப்பல் விண்விண்ணென்று தெறித்தது. கடையை விட்டு நகர முடியாத நேரம். மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். நாலாம் நாள் வலி நின்றது, பல் சரியாகிவிட்டது என்றே நம்பினேன். உள்ளே நரம்பு செத்துப்போய்தான் வலி நின்றிருக்கிறது. ஆடியில் ஒரு காலை எழுந்தால் வலது கன்னம் பணியாரம் போல உப்பிக் கிடந்தது. அந்தப் பல் மட்டும் உயர்ந்துவிட்ட மாதிரி, நாக்கு பட்டாலே உயிர் போனது.

உங்களுக்கு இப்படி ஆனால் முதலில் இதைப் பாருங்கள். வாய் சரியாகத் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்குக் கீழே கழுத்துக்கோ பரவுகிறது, குளிர்காய்ச்சல் அடிக்கிறது. இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். உயிருக்கே ஆபத்தாகும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீக்கிரம் முற்றும்.

இவை எதுவும் இல்லை, இன்றோ நாளையோ பல் டாக்டரைப் பார்க்கலாம் என்றால், அதுவரை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். படுக்கும்போது தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள், தெறிப்பு கொஞ்சம் அடங்கும். வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று, ஆறு மணி நேர இடைவெளி விட்டு. கல்லீரல் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். நம் வீடுகளில் உடனே உப்பு மூட்டையைச் சூடாக்கிக் கன்னத்தில் ஒத்தடம் கொடுப்பார்கள். என் அம்மாவும் எடுத்து வந்தார், வேண்டாம் என்றேன். வெளியிலிருந்து சூடு வைக்கக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். ஊசியால் குத்திச் சீழ் எடுக்கவே கூடாது.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். வேர் நுனியில் மிளகளவு கறுப்பு. சீழ் கட்டிய இடத்தில் மரப்பு ஊசி அவ்வளவாகப் பிடிக்காதாம், எனக்கு இரண்டாவது ஊசி போட்டார். பல்லில் துளையிட்டதும் மஞ்சளாகச் சீழ் வந்தது, நாற்றம் எனக்கே அடித்தது. உள்ளே பாறை மாதிரி அழுத்திக்கொண்டிருந்த பாரம் ஐந்து நிமிஷத்தில் இறங்கியது.

மாத்திரை ஏன் போதவில்லை என்று அன்றுதான் கேட்டேன். செத்த பல்லுக்குள் ரத்தம் ஓடாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது என்றார். ஆன்டிபயாடிக் பரவலைத்தான் தடுக்கும். சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டும். டாக்டர் எழுதிய மாத்திரையை அவர் சொன்ன நாள்வரை போடுங்கள், பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். வலி நின்றதும் நடுவில் விட்டுவிடாதீர்கள். கடைசியில் கேப் போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கோ கடலைமிட்டாயோ கடிக்க வேண்டாம், பல் பிளந்துவிடும்.